கொளஞ்சி சொன்னாளா என்று கேட்டதற்கு

'ப' சொன்னால் மெழுகுவர்த்திச் சுடர் ஆடும், 'ம' சொன்னால் ஆடாது. காது கேளாத பிள்ளைகளுக்கு முதல் வாரம் நான் சொல்லித் தருவது இவ்வளவுதான். பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம்.

நேற்று வைத்திக்குப்பத்திலிருந்து கொளஞ்சியின் அப்பா பக்கிரி வந்து வாசலிலேயே நின்றார்.

"டீச்சரம்மா, எம் பொண்ணு அன்னிக்கு சொன்னாளா, சொல்லலியா? அத மட்டும் எழுதிக் குடுங்க. ஊமச்சி நின்னு வேடிக்க பாத்தான்னு ஏழு வருசமா ஊரே பேசுது. அவள எவன் கட்டுவான்?"

"உள்ள வாங்க, காப்பி குடிங்க."

"எழுதுங்க. குடிக்கிறேன்."

நியாயமான கேள்வி. பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று என்னிடம் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

1977இல், உப்பளம் வட்டாரத்தில் இருந்த எங்கள் பள்ளியில் கொளஞ்சிக்குப் பத்து வயது. கெட்டிக்காரி. ஆனால் எதையும் கையால் சொல்லிவிடுவாள். கையைப் பார்க்காதே, வாயைப் பார் என்பது எங்கள் பயிற்சியின் முதல் பாடம். அதில் நான் முதலாவதாகத் தேறியவள். கையாட்டும் பிள்ளைகளின் மணிக்கட்டை முதுகுப்பக்கம் ரிப்பனால் கட்டுவேன். வலிக்காது, சாட்டின் ரிப்பன்.

என் மகள் செல்வாம்பாளுக்கு இரண்டு வயது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் பள்ளிக்கே தூக்கி வருவேன். கொளஞ்சிக்கு அவள் மேல் உயிர்.

அன்று காலை தோட்டத்திலிருந்து கொளஞ்சி ஓடி வந்தாள். இரண்டு கைகளும் பறந்தன. நான் அவள் உதட்டையே பார்த்தேன்.

"பாப்பா," என்றாள்.

"பாப்பா என்ன செய்யுது? முழுசா சொல்லு."

என் புடவையைப் பிடித்து இழுத்தாள். பிடிவாதம் கூடாதென்று கைகளைக் கட்டினேன். பக்கத்து வகுப்பு தெய்வசிகாமணி சார் எட்டிப் பார்த்து, "உங்ககிட்ட மாட்டுனா ஊமையும் கச்சேரி பண்ணும் டீச்சர்," என்று சொல்லிவிட்டுப் போனார். சிரித்தேன். அவளைக் கண்ணாடி முன் உட்காரவைத்தேன். அழுதாள். அழும்போது சொல் வராது, முகம் கழுவிவிட்டேன். கால்மணி நேரம் ஆகியிருக்கும். பிறகு நிதானமாக, "பாப்பா தொட்டியில விழுந்துட்டா," என்றாள்.

அவளுடைய முதல் முழு வாக்கியம். கைதட்டினேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். இரண்டாம் தரம் இன்னும் தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அதன் பொருள் எனக்கு உறைத்தது.

கட்டிய கையோடு அவளும் என் பின்னால் தண்ணீர்த் தொட்டிவரை ஓடி வந்தாள்.

'இந்தப் பொண்ணு யார்கிட்டயும் சொல்லலியா' என்று மாலையில் கூடியவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். நான் பேசும் நிலையில் இல்லை. தெய்வசிகாமணி சாரும் வாய் திறக்கவில்லை. அவளைப் பள்ளியை விட்டு நிறுத்தினார்கள். இப்போது அவள் வாயால் ஒரு சொல்லும் சொல்வதில்லையாம். அத்தனை மாத உழைப்பு வீண்.

பக்கிரிக்கு உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன்: 'கொளஞ்சி சொன்னாள். இரண்டு முறை, பிழையில்லாமல். சற்றுத் தாமதமாக.'