வீட்டில் யார் நோயாளி?

அவையை ஆளும் தலைவர் அவர்களே, அவர் அருகில் அமர்ந்து என் பேச்சு எப்போது முடியும் என்று அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, கற்பித்துக் களைத்த பேராசிரியப் பெருமக்களே, பெற்று வளர்த்தும் களைக்காத தாய்மார்களே, தம் நோயைத் தாமே சுமந்து இத்தனை படி ஏறி வந்திருக்கும் என் இனத்துப் பெரியோர்களே, நாளை எங்கள் நாடியைப் பிடிக்கப்போகும் நல்லிளம் செல்வங்களே, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து "சுருக்கமாப் பேசுங்க" என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருக்கும் என் மனைவியாரே! அனைவருக்கும் நடுங்கும் கைகளைக் கூப்பி, நடுங்காத நெஞ்சோடு வணக்கம் சொல்கிறேன்.

பின்வரிசையில் கேட்கவில்லையா? மைக் செட் தம்பி, சற்றுக் கூட்டி வையுங்கள். நாற்பது ஆண்டு மேடையில் பேசியே சோறு தின்றவன் நான். நடுக்குவாதம் முதலில் என் கையைப் பிடித்தது, அப்புறம் காலைப் பிடித்தது, இப்போது தொண்டையையும் விட்டுவைக்கவில்லை. இடியென இருந்த குரல் இன்று பக்கத்து வீட்டு ரேடியோ ஆகிவிட்டது. பேசுவது தெரியும், என்ன பேசுகிறது என்று தெரியாது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "நாள்பட்ட நோயாளிகளிடம் மாணவர்கள் கற்ற கூட்டுப்பணி". கற்றார்களா? கற்றார்கள். யாரிடம் கற்றார்கள்? அங்கேதான் எனக்குக் குழப்பம். கற்றுக்கொடுத்தவன் நானா? கற்றுக்கொண்டவர்கள் அவர்களா? அல்லது நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஓர் உயிரைப் பணயம் வைத்துப் பாடம் படித்தோமா? தெளிவான பேச்சு வேண்டும் என்றால் இப்போதே ஆளை மாற்றிவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சிரிக்கிறீர்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

இந்தக் கல்லூரியில் ஓர் அருமையான ஏற்பாடு. நான்கு படிப்புகளிலிருந்து நான்கு மாணவர்களை எடுத்து, தீராத நோயோடு வாழும் ஒருவர் வீட்டுக்கு வாராவாரம் அனுப்புகிறார்கள். வைத்தியம் பார்க்க அல்ல, ஒன்றாக வேலை செய்யப் பழக. அந்த வீட்டு நோயாளிதான் ஆசிரியர். அப்படி எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் நால்வர். டாக்டருக்குப் படிக்கும் நெட்டைத் தம்பி ஒருவர். நர்சிங் படிக்கும் பெண் ஒருவர். மருந்து பற்றிப் படிக்கும் பெண் ஒருவர். உணவு பற்றிப் படிக்கும் தம்பி ஒருவர். அதோ, முதல் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள்தான். நிமிர்ந்து உட்காருங்கள் செல்வங்களே, நான் உங்களைத் திட்டப்போவதில்லை. திட்டுவதா பாராட்டுவதா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்தால் ஆறாவது ஆள் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். நால்வர் உட்கார்ந்தார்கள், நான் உட்கார்ந்தேன், என் மனைவி நின்றாள். வந்த முதல் வாரம் நால்வரும் என்னிடம் ஒரே கேள்வியைத் தனித்தனியாகக் கேட்டார்கள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? நானும் நான்கு முறை ஒரே பதிலைச் சொன்னேன். நால்வரும் அதை நான்கு விதமாக எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் நாளாக ஆக நால்வரும் நன்றாக ஒட்டிக்கொண்டார்கள். அப்போது எனக்கு இருந்த பெரிய தொல்லை, மதிய நேரத்தில் மாத்திரை வேலை செய்யாது. நடந்துகொண்டே இருப்பேன், வாசற்படி வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மூளை "போ" என்னும். கால் "யாரிடம் சொல்கிறாய்?" என்னும். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு பேரும் தலையைச் சேர்த்து வைத்து யோசித்தார்கள். பருப்பும் முட்டையும் மீனுமாக மதியச் சாப்பாடு வயிற்றுக்குள் போகும் நேரத்திலேயே மாத்திரையும் போகிறது, இரண்டும் முட்டிக்கொள்கின்றன, மாத்திரை தோற்றுப்போகிறது என்று கண்டுபிடித்தார்கள். எனக்கு வைத்தியம் பார்க்கும் பெரிய டாக்டரிடம் கேட்டு ஒப்புதல் வாங்கினார்கள். மாத்திரையை முன்னே வைத்தார்கள், சாப்பாட்டை வெகுவாகத் தள்ளிப் பின்னே வைத்தார்கள். நான் மறந்துவிடக் கூடாது என்று என் ஃபோனில் மணி அடிக்கும்படி வைத்தார்கள்.

நடந்தேன் ஐயா, நடந்தேன்! கூடத்திலிருந்து குளியலறை வரை, குளியலறையிலிருந்து தெருமுனை வரை, யார் கையையும் பிடிக்காமல் நடந்தேன். நால்வரின் நான்கு படிப்பும் என் இரண்டு காலில் வந்து நின்றன. இதைக் கூட்டுப்பணி என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

கைதட்டுகிறீர்கள். பொறுங்கள், தாய்மார்களே. கைதட்ட வேண்டிய இடம் இதுதானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஒரு நாள் மதியம். மாத்திரையை விழுங்கிவிட்டேன், அது இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. நால்வரும் கூடத்தில் உட்கார்ந்து, கல்லூரியில் தங்கள் அனுபவத்தை யார் முதலில் பேசுவது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். சமையலறை வாசலில் கால் ஒட்டிக்கொண்டது. அங்கே நின்றபடியே உள்ளே பார்த்தேன்.

என் மனைவி அடுப்பின் முன்னால் நின்று கிண்டிக்கொண்டிருந்தாள். அடுப்பு எரியவில்லை. பாத்திரத்தில் எதுவும் இல்லை. வெறும் பாத்திரத்தைக் கரண்டியால் கிண்டுகிறாள், கிண்டுகிறாள், கிண்டிக்கொண்டே இருக்கிறாள். முகமெல்லாம் வியர்வை. கை நடுங்குகிறது. நடுக்கம் எனக்கல்லவா? அவள் கை ஏன் நடுங்க வேண்டும்? என்னைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை காலம் என்னோடு குடும்பம் நடத்தியவள், என் முகத்தைப் பார்த்து, "யாருங்க? என்ன வேணும்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கூப்பிட்டேன். குரல் வரவில்லை. கலைந்து போகிற கூட்டத்தை ஒரே அதட்டலில் உட்கார வைத்த குரல் ஐயா இது! பத்தடி தூரத்தில் இருக்கும் நான்கு பேரை எழுப்ப அதற்கு வலுவில்லை. கால் நகரவில்லை. அவளோ என் கண் முன்னால் சாய்ந்துகொண்டிருக்கிறாள். கூடத்தில் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? கூட்டுப்பணி! நான் பயந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படி என் வாழ்நாளில் நான் பயந்ததில்லை.

கைக்கு எட்டிய தூரத்தில் தட்டு அடுக்கும் கூடை இருந்தது. அதை இழுத்துத் தள்ளினேன். தட்டெல்லாம் தரையில் விழுந்தன. நால்வரும் பதறி ஓடி வந்தார்கள். ஓடி வந்து என்ன செய்தார்கள்?

என்னைப் பிடித்தார்கள்.

ஒருவர் தோளைத் தாங்கினார். ஒருவர் மணிக்கட்டில் நாடி பார்த்தார். ஒருவர் நாற்காலியைக் கொண்டுவந்து முட்டிக்குப் பின்னால் வைத்தார். ஒருவர் இன்று என்ன கிழமை என்று கேட்டார். நான்கு பேரும் வாசலை அடைத்துக்கொண்டு என்னைக் காப்பாற்றுகிறார்கள், காப்பாற்றப்பட வேண்டியவள் எனக்கு முன்னால் தரையில் கிடக்கிறாள். நான் இல்லை, நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். நோயின் ஆட்டம் என்று நினைத்தார்கள். விரலால் காட்டினேன். விரல் நடுங்கியதால் எட்டுத் திசையையும் காட்டியது. சொல்லுங்கள், இவர்கள் மேல் கோபப்படுவதா? இவ்வளவு அன்பாக ஓடி வந்த பிள்ளைகள் மேலா?

நர்சிங் படிக்கும் பெண்தான் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஐயாவை விடுங்க, அம்மாவைப் பாருங்க" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. சுகர் பார்க்கும் கருவி வந்தது, பார்த்தார்கள், அடிமட்டத்தில் இருந்தது. விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். ஒருவர் பெரிய டாக்டரிடம் ஃபோனில் பேசினார். மெல்ல மெல்ல அவள் கண்ணில் ஆள் அடையாளம் திரும்பியது. திரும்பியதும் அவள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அவரு மாத்திரை போட்டாரா?"

நான் அழுதேன். நடுக்கம் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு நாங்கள் ஆறு பேரும் அந்தச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தோம். என் மனைவிக்கு வெகுகாலமாகச் சர்க்கரை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி. என் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார்கள் அல்லவா? நான் சாப்பிடாமல் அவள் சாப்பிடமாட்டாள், அதனால் அவள் சாப்பாடும் தள்ளிப்போனது. ஊசி மட்டும் பழைய நேரத்திலேயே தொடர்ந்தது. சாப்பாடு வராமல் ஊசி மட்டும் உள்ளே போனால் சர்க்கரை தரைக்கு இறங்கிவிடும். இது யாருக்குத் தெரியாது? கேளுங்கள், இங்கேதான் என் தலை சுற்றுகிறது. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்திருக்கிறது! ஃப்ரிட்ஜில் ஊசி மருந்து இருப்பதை நர்சிங் பெண் பார்த்திருக்கிறார், மருந்துக்காரப் பெண் விசாரித்திருப்பார் என்று விட்டுவிட்டார். மருந்துக்காரப் பெண்ணும் பார்த்திருக்கிறார், டாக்டர் தம்பி விசாரித்திருப்பார் என்று விட்டுவிட்டார். அம்மா சர்க்கரை போடாமல் டீ குடிப்பது டாக்டர் தம்பிக்குத் தெரியும், ஆனால் அவருடைய நோயாளி நான்தானே! எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அம்மா சாப்பிட உட்காராததை உணவுக்காரத் தம்பி பார்த்திருக்கிறார், உபசாரம் என்று நினைத்துவிட்டார். இவ்வளவு ஏன், அவள் கை நடுங்குவதைச் சில நாளாக நானும் பார்த்தேன். என்னைப் பற்றிய கவலையில் நடுங்குகிறாள் என்று பெருமையாக வேறு நினைத்துக்கொண்டேன்.

குற்றம் யாருடையது? தலைவர் அவர்களே, தெரிந்தால் சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை.

அன்று நெட்டைத் தம்பி அவளிடம் மெதுவாகக் கேட்டார், நாங்கள் வருவதற்கு முன்னால் இரண்டு பேரும் எப்படிச் சமாளித்தீர்கள் என்று. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

"பெருசா ஒண்ணும் இல்ல தம்பி. மாத்திரை போட்டா அவரு 'போட்டாச்சு'ன்னு சத்தமா சொல்லுவாரு. என் காதுல விழுந்தா நான் 'கேட்டுச்சு'ன்னு சொல்லணும். சொல்லலைன்னா திரும்பச் சொல்லுவாரு. குரல் போனப்புறம் பக்கத்துல வந்து சொல்லுவாரு. நான் ஊசி போட்டாலும் அப்படித்தான். போட்டாச்சுன்னு சொன்னா, கேட்டுச்சுன்னு சொல்லிட்டு அவரு தட்டு எடுத்து வைப்பாரு. அப்புறம் நீங்க ஃபோன்ல மணி வச்சுக் குடுத்தீங்களா, நாங்க சொல்றதை விட்டுட்டோம்."

மணி அடிக்கும், ஆனால் பதில் வந்ததா என்று காத்திருக்காது. எங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு நோயாளிகள் கொண்ட ஒரு குழு இருந்தது. நால்வர் குழு உள்ளே வந்ததும், இருவர் குழு சத்தமில்லாமல் வெளியே போய்விட்டது. போனதை நாங்களே கவனிக்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஆறு பேரும் அப்படித்தான். "பிரஷர் பார்த்தாச்சு." "கேட்டுச்சு." "அம்மா சாப்பாட்டு நேரத்தை மாத்தியாச்சு." "கேட்டுச்சு." கீழ்வீட்டுக்காரர் வந்து என்ன சார், நாடக ஒத்திகையா என்று கேட்டுவிட்டுப் போனார். இதற்குப் பேராசிரியர் ஒருவர் நீளமாக ஒரு பெயர் சொன்னார், எனக்கு மறந்துவிட்டது.

இதனால் எல்லாம் தெளிந்துவிட்டதா? இல்லை ஐயா, இல்லை. அந்த மாத்திரை நேரத் திட்டம் தப்பா? தப்பென்றால் நான் எப்படி நடந்தேன்? சரியா? சரியென்றால் அவள் எப்படி விழுந்தாள்? என்னை நடக்க வைத்ததே அவளைச் சாய்த்தது என்றால், எதை நம்புவது, எதைத் தள்ளுவது? அழைப்பிதழில் என்னை ஆசிரியர் என்று அச்சடித்திருக்கிறீர்கள். எனக்கு மேடையில் நாற்காலி, அவளுக்கு மூன்றாவது வரிசை. எந்தக் கணக்கில்? யார் நோயாளி, யார் துணை? யார் குழு, யார் வெளியாள்? செல்வங்களே, நீங்கள் ஒரு வீட்டுக்குள் நுழைவீர்கள். உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பீர்கள். நிற்பவரைப் பார்ப்பீர்களா? கேட்டவரிடம் சொல்வீர்கள். கேட்காதவரிடம் கேட்பீர்களா? பார்த்ததைப் பார்த்தேன் என்று வாய் திறந்து சொல்வீர்களா? சொன்னது இன்னொருவர் காதில் விழுந்ததா என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், நின்று பார்ப்பீர்களா? பாருங்கள்! பார்த்தால் ஒரு வீடு நிற்கும், பார்க்காவிட்டால்...

இருங்கள்.

முடிவுரை ஒன்று எழுதி மனப்பாடம் செய்து வந்திருக்கிறேன், நல்ல முடிவுரை. ஆனால் மூன்றாவது வரிசையில் என் மனைவி கைப்பையைத் திறந்து மூடுகிறாள். அவள் ஊசி போட்டுக்கொள்ளும் நேரம். எதிரில் சாப்பாடு இருப்பது உறுதியாகாமல் அவள் போடக் கூடாது. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாம் தயாரா என்று யாராவது பார்த்து வர வேண்டும்.

நான்கு பேரும் எழுந்துவிட்டீர்களே! ஒருவர் போனால் போதும். யார் என்று உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள்... சரி, உணவுக்காரத் தம்பி போகிறார். போய்ப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள் தம்பி, திரும்பி வந்து சத்தமாகச் சொல்லுங்கள். மற்றவர்கள் அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் பேசாமல் நிற்கிறேன், என்னால் முடியும்.

என்ன தம்பி? "சாப்பாடு ரெடி ஐயா, அம்மாவுக்குத் தட்டு எடுத்து வச்சாச்சு."

கேட்டுச்சு.

தலைவருக்கு நன்றி, தாய்மார்களுக்கு நன்றி, குழப்பத்தைப் பொறுமையாகக் கேட்ட அவைக்கு நன்றி. வணக்கம். என் மனைவி சாப்பிட வேண்டும், நான் இறங்குகிறேன்.