முற்றம் கூட்டியவர்

வெளிநாட்டில், ஹவுகன்ஸ்டுவா என்ற ஊருக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள்.

“என்ர மனுசன் என்ர தோட்டத்தைக் கூட்டித் தள்ளிப்போட்டார், அக்கா.”

“நல்லதுதானே?”

“என்ன நல்லது! தண்ணி விடாமல் வளருற உள்ளூர்ச் செடிதான் முற்றத்திலை நிக்க வேணுமெண்டு எங்கட வீட்டுச் சங்கம் விதி போட்டது. நான் விதைச்சு மூண்டு மாசம். சங்கத்திலையிருந்து பாக்க ஆக்கள் வருகினமெண்டவுடனை, முற்றம் பத்தையாக் கிடக்கெண்டு நேற்று எல்லாத்தையும் புடுங்கி, மணல் தெரியக் கூட்டிவிட்டார்.”

“ஐயோ! வந்தவை ஏசினவையே?”

“இல்லை. மண்ணுக்கை கூடு வைக்கிற காட்டுத் தேனீக்கு வெறும் மணல் நல்லதெண்டு படமும் எடுத்தவை. இவர் விளக்குமாறோடை நெஞ்சை நிமித்திக்கொண்டு நிண்டார்.”

“அப்ப தப்பீட்டார்.”

“எங்கை தப்பினது? தேனீக்குப் பக்கத்திலை பூவும் வேணுமாம். இந்த முறை விதைக்கிறது அவர்தான்.”