பிறந்த வீட்டு மாத்திரை

“ஹலோ… ஆங், நித்யாவா? சொல்லு. நானே கூப்பிடணும்னு இருந்தேன்… என்னது? ரஞ்சித் எத்தனை மாத்திரை போடுறானா? ஏண்டி, எடுத்த எடுப்புல விசாரணையா?”

சந்திரலேகாவுக்குச் சுருக்கென்றது. தம்பி பெண்டாட்டி தன்னைக் கேள்வி கேட்பதா? நெரவியில் தம்பி கதிரவன் வீட்டிலிருந்து அறுப்புக்கு அறுப்பு காரைக்காலுக்கு அரிசி வரும், அது முடிந்தால் உளுந்து வரும். பிறந்த வீட்டுச் சீர், கேட்கவே வேண்டியதில்லை. போன வருஷத்திலிருந்து அந்த மூட்டைக்குள் இன்னொன்றும் வந்துகொண்டிருந்தது. தம்பி மகன் நளனுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரை. சின்னப் பையன், ஓரிடத்தில் உட்காரமாட்டான். அதைப் போட்டால் உட்கார்ந்து எழுதுவான், வாத்தியாரே மெச்சினார். அவனுக்கே படிப்பு ஏறுகிறது என்றால், நீட் பரீட்சையில் ஒரு தடவை கோட்டை விட்ட தன் மகன் ரஞ்சித்துக்கு ஏறாதா? மகராசி, அதையும் சீர்வரிசையில் சேர்த்துக்கொண்டாள்.

“எத்தனை போட்டா உனக்கென்ன? புள்ளை ராப்பகலா படிக்குது… இரு, குறுக்க பேசாத. இந்தத் தடவை உளுந்து மட்டும் வந்துருக்கு, மாத்திரையைக் காணோம். அதுக்கு முதல்ல பதில் சொல்லு… லீவுதானே உம் புள்ளைக்கு? பள்ளிக்கூடம் இல்லாதவனுக்கு மாத்திரை எதுக்கு?… ஓடுனா ஓடட்டும். கட்டிப்போடு… ஆமா, கொல்லையில மாட்டைக் கட்டுறீங்கல்ல?… ஆமாம்மா, ஆமாம், வாய்க்கால்ல விழுந்தான், கேள்விப்பட்டேன். எந்திரிச்சுட்டான்ல?”

அந்தப் பக்கம் நித்யஸ்ரீ அழுவது நன்றாகவே கேட்டது. அழட்டும் என்று விட்டாள். அழுகிறவர்கள் கடைசியில் கொடுத்துவிடுவார்கள் என்பது அவள் அனுபவம்.

“அழுது காரியமில்ல. நாளைக்கே போ. மாத்திரை தண்ணியில விழுந்துடுச்சு, புதுச் சீட்டு வேணும்னு டாக்டர்கிட்ட கேளு… சீட்டு இல்லாம கடையில தரமாட்டேங்கிறான். தந்தா உன்கிட்ட எதுக்கு நான் தொங்குறேன்?… பழக்கமாயிடுமா? யாரு சொன்னா? காப்பி குடிக்கிற மாதிரிதான் அது… எந்த டாக்டரு? போடி. எம் புள்ளை டாக்டராயிடுவான்னு உனக்கு வயித்தெரிச்சல்.”

காப்பி மாதிரிதான் ஆரம்பித்தது. ஒன்று இரண்டாகி, இரண்டும் போதாமல் போனது. போடாத அன்று ரஞ்சித்குமார் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். போட்ட அன்று சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. நெஞ்சு படபடக்கிறதென்று அவள் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக் காட்டினான். பரீட்சைப் பயம் என்றாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பரீட்சை முடியும்வரை ஓட்டிவிட்டால் போதும் என்று இருந்தாள்.

“திரும்பத் திரும்ப எத்தனை எத்தனைன்னு கேக்காத! அவன் மாடியில கதவைச் சாத்திக்கிட்டுப் படிக்கிறான், காதுல விழுந்துடப்போவுது… என்ன இல்ல?… மாடியிலதாண்டி இருக்கான்… எங்க? உங்க வீட்டுக்கா? எப்ப வந்தான்?… நளன் கையிலேருந்து பிடுங்கி… என்னது, அட்டையில இருந்தது அத்தனையுமா?… ஐயோ. ஐயோ, பேசுறானா? ஏண்டி, இதை முதல்லயே சொல்லமாட்டியா?”

சொல்லத்தான் நித்யஸ்ரீ வாயைத் திறந்தாள், யார் விட்டார்கள்? சந்திரலேகா மாடியை அண்ணாந்து பார்த்தாள். கதவு சாத்தியேதான் இருந்தது. கீழே வாசலில் பைக்கைக் காணவில்லை.

“எந்த ஆஸ்பத்திரி?… ஆங், ஆங்… தம்பி கூட இருக்கானா?… வலிப்பு வந்துச்சா? கடவுளே… இந்தா வர்றேன், செருப்பை மாட்டிட்டேன், இந்தா வர்றேன்… டாக்டர் பக்கத்துல நிக்கிறாரா? என்ன கேக்குறாரு?… எத்தனை நாளா போடுறான்னா?”

மாட்டிய செருப்போடு அப்படியே நின்றாள். அது தெரிந்தால்தான் எந்த ஊசி போடுவதென்று முடிவு செய்யமுடியும் என்கிறாராம் டாக்டர். ஆனால் சொன்னால் எழுதுவார். எழுதினால் போலீஸ் வரும், சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், டாக்டராகப் போகிறவனுக்கு மாத்திரைப் பைத்தியம் என்று பேராகிவிடும். பெற்ற வயிறு பற்றி எரிந்தது உண்மை. அப்படி எரியும்போதும் அவளால் இதையெல்லாம் யோசிக்க முடிந்தது.

“நித்யா, நல்லாக் கேளு. இதான் முதல் தடவைன்னு சொல்லு… நான் சொல்றதைச் சொல்லுடி! தலைவலின்னு கேட்டான், நளன் அட்டையை மாத்திக் குடுத்துட்டான்னு சொல்லு. அவனை யாரு கேக்கப்போறா, அவன்தான் அப்படிப்பட்ட புள்ளையாச்சே… என்ன, ஸ்பீக்கர்ல போட்டியா? யாரைக் கேட்டுப் போட்ட?… யாரு?… டாக்டருங்களா? வணக்கம் சார், நான் அவன் அம்மாதான்… இல்லைங்க சார்… இல்ல, இல்ல, இதுக்கு முன்னாடி ஒண்ணுகூடப் போட்டதில்ல… உண்மையைத்தான் சொல்றேன் சார். எம் புள்ளை மேல சத்தியம்.”

போன் கட்டாகிவிட்டது.