முத்திரை விழாத ஒரே போலி

மேடையில் இருக்கும் ஏல நிறுவன மேலாளர் அவர்களே, சேகரிப்பாளர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, மறைந்த எங்கள் தலைமைக் கையெழுத்துப் பரிசோதகரை நினைத்து இங்கே கூடியிருக்கும் நண்பர்களே, வணக்கம்.

இவன் எதற்கு மேடையேறினான் என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நியாயம்தான். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே அறையில் அவருக்கு எதிர்மேசையில் உட்கார்ந்தவன் நான். அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு கோப்பு இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குப் போக வேண்டுமென்றால் தட்டச்சு அம்மா எழுந்து வந்து வாங்கிக் கொடுப்பார். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்கன்னா என் முட்டி வலி பாதி குறையும்" என்பார். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அவரைத் தலைகீழார் என்றுதான் எல்லோரும் அழைத்தோம். நடிகர், பாடகர், விளையாட்டு வீரர், யார் கையெழுத்து வந்தாலும் முதல் வேலையாகத் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைப்பார். "நேரா வச்சா பேரைப் படிச்சிடுவோம் தம்பி. பேரைப் படிச்சா மயங்கிடுவோம். திருப்பி வச்சா வெறும் கோடு. கோட்டுக்கு யார் மேலயும் பாசம் கிடையாது." அசலாகக் கையெழுத்திடுபவர் யோசிப்பதில்லை, தாளைத் தொடும் முன்பே பேனா ஓடிக்கொண்டிருக்கும். போலி எழுதுபவர் வரைகிறார். நடுவே நின்று மாதிரியைப் பார்க்கிறார். நின்ற இடத்தில் குண்டூசித் தலையளவு மை தேங்கிவிடும். அந்த மைப்புள்ளியை அவரைப் போலக் கண்டுபிடித்தவர் யார்? போலி என்று முடிவானால் பின்பக்கம் சிவப்பு முத்திரை விழும். யாருக்காகவும் அது விழாமல் இருந்ததில்லை.

நான்காம் வரிசையில் அவருடைய மைத்துனர் இருக்கிறார். பந்தாட்ட வீரர் ஒருவர் கையெழுத்திட்ட படத்தைக் கொண்டுவந்து, "மாமா, ஹால்ல மாட்டியாச்சு, ஊரே பாத்தாச்சு, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க" என்று கெஞ்சினார். தலைகீழார் பார்த்தார், முத்திரை குத்தினார். "இனிமே திருப்பி மாட்டுங்க மாப்பிள்ளை. இதுல அசல் இந்த முத்திரை மட்டும்தான்" என்றார்.

அவர் ஒரு நல்ல மேசை விளக்கு கேட்டு பதினோரு ஆண்டுகள் எழுதினார். வரவில்லை. இன்று அவர் படத்துக்கு மேல் நான்கு விளக்குகள் எரிகின்றன. மேலாளர் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லாமல் இறங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

இனி என் கதைக்கு வருகிறேன். பள்ளி நாட்களில் கால் முறிந்து நான் மருத்துவமனையில் கிடந்தபோது, அப்பா ஒரு நடிகரின் படத்தோடு வந்தார். "ஸ்டூடியோ வாசல்ல மூணு மணி நேரம் நின்னேன்டா. உன் பேரைச் சொன்னதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார்." அந்த நடிகர் இளம் வயதில் போட்ட கையெழுத்து எங்கும் கிடைக்காது. ஆகவே இந்த வேலைக்கு வந்ததும் அப்பா தந்த படத்தையே மாதிரிக் கோப்பில் வைத்தேன். அதோடு ஒப்பிட்டுத்தான் அந்த நடிகரின் இளம் வயதுக் கையெழுத்துகளுக்கெல்லாம் தீர்ப்பு எழுதினேன்.

ஒருநாள் நடிகரின் தம்பி, அண்ணன் இளம் வயதில் தனக்கு எழுதிய நான்கு கடிதங்களோடு வந்தார். என் மாதிரியோடு ஒன்றுகூடப் பொருந்தவில்லை. நான்கின் பின்பக்கமும் முத்திரை குத்தினேன். "எங்க அண்ணன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?" என்று கேட்டபடி அந்த மனிதர் வாசலிலேயே நின்றார். தலைகீழார் எழுந்து வந்தார். கடிதங்களை அல்ல, என் படத்தைக் கையிலெடுத்துத் திருப்பினார்.

"இதை எப்பவாவது தலைகீழா வச்சுப் பாத்தீங்களா தம்பி?"

"எங்க அப்பா வாங்கிட்டு வந்தது சார்."

"அதனாலதான் கேக்குறேன்."

படத்தைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சுவரில் மாட்டினேன். மறுநாள் அந்த நடிகரின் கோப்பு முழுவதும் அவர் மேசைக்குப் போயிருந்தது. என் அப்பாவைப் பொய்யர் என்று சொல்லிவிட்டார், என் வேலையையும் பறித்துக்கொண்டார் என்று ஒன்பது ஆண்டுகள் மனதில் வைத்திருந்தேன்.

போன வாரம் அவர் வீட்டில் அண்ணி அந்தக் கோப்பை என்னிடம் கொடுத்தார். "உங்ககிட்டதான் கொடுக்கணும்னு சொல்லிட்டே இருந்தார்" என்றார். உள்ளே அவர் எழுதிய எட்டுக் கடிதங்களின் நகல்கள். ஒன்று நடிகரின் தம்பிக்கு. மற்ற ஏழும், என் மாதிரியை நம்பி நான் தவறாகத் தீர்ப்பெழுதிய ஏழு பேருக்கு. எட்டிலும் ஒரே வரி: 'தவறு என்னுடையது.' கீழே அவர் கையெழுத்து. என் பெயர் எங்கும் இல்லை. நண்பர்களே, வாழ்நாளில் அவர் தெரிந்தே எழுதிய பொய் அந்த ஒரு வரிதான்.

அன்றுதான் அப்பாவின் படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்தேன். முதல் எழுத்திலேயே மை தேங்கியிருந்தது. ஆறு இடங்களில் நின்று நின்று எழுதியிருக்கிறார். கடைசி இழுப்பில் மட்டும் தன்னை மறந்துவிட்டார். மேலே தூக்கி ஒரு வெட்டு. என் மதிப்பெண் அட்டைகளில் எல்லாம் அப்பா போட்ட அதே வெட்டு.

இதைத் தலைகீழார் அன்றே பார்த்துவிட்டார். பார்த்தும், அந்தப் படத்தை நான் பிடுங்கிக்கொண்டு போக விட்டுவிட்டார். எங்கள் அறையிலிருந்து முத்திரை விழாமல் வெளியே போன ஒரே போலி அதுதான்.

அந்த ஏழு கடிதங்களில் ஐந்துக்குத்தான் பதில் வந்திருக்கிறது. இரண்டு, முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்திருக்கின்றன. அந்த இருவரையும் நான் தேடிக் கண்டுபிடிப்பேன். நடிகரின் தம்பி வீட்டுக்கு நேரில் போவேன். இந்த முறை தவறு செய்தவரின் சரியான பெயரைச் சொல்வேன்.

திங்கட்கிழமை காலை அவர் மேசையில் உட்காருவேன். அப்பாவின் படத்தைத் தலைகீழாக வைப்பேன். பின்பக்கம் சிவப்பு முத்திரையை நானே குத்தி, பரிசோதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போடுவேன். பிறகு அதை வீட்டுக்குக் கொண்டுபோய், இத்தனை நாள் மாட்டியிருந்த அதே ஆணியில் மாட்டுவேன்.