ஒரு கட்டை கீழே

— ஹெட்போனைக் கழட்டுங்கண்ணே. நாளைக்கு ரேடியோவுல என்ன பேசப்போறேன்னு சொல்றேன், கேளுங்க.

— இரு உர்சுலா. கடைசிப் பாட்டு இப்பதான் ரெக்கார்டிங் முடிஞ்சுது, ஒரு தடவை கேட்டுக்கிறேன் மா.

— அப்புறம் கேக்கலாம் கபிலண்ணே. “தொண்டையில ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் பாடவே இல்ல. இப்ப ஆல்பம் முழுக்க என் பழைய கட்டையிலயே, அதே சுருதியில பாடிட்டேன். டாக்டருக்கு நன்றி.” எப்படி?

— டாக்டருக்கா?

— பின்ன? அடுத்த மாசம் சர்ச் ஹால்லயும் அதே கட்டைதான், வேற பேண்ட் கூட.

— ஐயோ, வேணாம் மா.

— ஏன்?

— உட்காரு. கோவிச்சுக்காதே. நீ பாடினது பழைய கட்டை இல்ல. ஒரு கட்டை கீழ.

— சும்மா விளையாடாதீங்க லா.

— நிஜமாதான் மா. அன்வருக்குக் கீபோர்டுல ஒரு பட்டன் அமுக்குற வேலைதான். டாரியஸ் தன் பேஸ் கிட்டாரை இறக்கினான். நீ இங்க விட்டுட்டுப் போற உன் கிட்டாரையும் இறக்கணுமே? அதுக்காகவே ஜூரோங்லேர்ந்து காலையில முதல் ஆளா வந்துடுவான்.

— லாசரஸ் அங்கிள்? டிரம்முக்கு ஏது கட்டை?

— அவருக்கு வேற டியூட்டி. நீ சீக்கிரம் வந்துட்டா, டெக்கா மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போயி இஞ்சி டீ வாங்கிக் கொடுக்கணும்.

— அதான் தினமும் டீயா! நானும் மனுஷனுக்கு என்மேல என்னா பாசம்னு நினைச்சேன்.

— பாசம் இல்லாமலா? சர்க்கரை வியாதிக்காரரு, உனக்குக் கம்பெனி கொடுக்க அவரும்ல குடிச்சாரு!

— ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?

— கேட்டா? “பழைய கட்டை எட்டலைன்னா ஆல்பமே வேணாம், கிட்டாரை வித்துடுறேன்”னு பாதி பிரியாணியில எழுந்து போனவ நீ.

— எட்டாத இடத்தைக் கம்ப்யூட்டர்ல சரி பண்ணியிருக்கலாமே?

— எப்படி மா? எல்லாரும் ஒரே ரூம்ல சேர்ந்து வாசிச்சீங்க. உன் மைக்ல டிரம் கேக்குது, டிரம் மைக்ல நீ கேக்குறே. உன் குரலை மட்டும் தனியா பிரிச்சு ஒட்டுப்போட முடியாது. எல்லாரும் சேர்ந்துதான் வாசிக்கணும்னு கேட்டதும் நீதான்.

— ஆமா, நான்தான்.

— திட்டணும்னா என்னைத் திட்டு, பசங்க பாவம். ஆனா அந்தப் பழைய கட்டையில மட்டும் மேடையேறாதே. இருக்கிற குரலும் போயிடும் மா.

— அண்ணே, இங்க பாருங்க. டாக்டருக்கு நேர்ல போயி சொல்லிக்கிறேன். நாளைக்கு ரேடியோவுல உங்க நாலு பேரு பேருதான். உங்க வாயாலயே வரட்டும்னுதான் இவ்வளவு நேரம் சீண்டினேன்.

— அப்ப... உனக்குத் தெரியுமா? எப்பலேர்ந்து?

— முதல் நாள்லேர்ந்து. அன்வர் ஒரு நோட் அமுக்கினதுமே தெரிஞ்சுடுச்சு. வந்த கோவத்துல கிளம்பிடலாம்னு பேக்கைக்கூட எடுத்துட்டேன். திரும்பிப் பார்த்தா, மூணு பேரும் என் முகத்தைப் பார்க்க முடியாம குனிஞ்சு உட்கார்ந்திருக்காங்க. அழுகையே வந்துடுச்சுண்ணே. எனக்காக யாரு இவ்வளவு செய்வா?

— அடிப்பாவி! எங்க தப்பு நடந்துச்சு? அன்னைக்கு உன் கிட்டார்கூட கரெக்டா சேர்ந்துச்சே!

— அன்னைக்கு டாரியஸ் லேட்டா வந்தான்ணே. அந்த அவசரத்துல மறந்துட்டான். என் கிட்டாரை இறக்கினது நான்தான்.