நான்கு டென்னிஸ் திடல்களும் நம்முடையவை

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய செபஸ்தியாம்பிள்ளை ஐயா அவர்களே! பெண்களுக்கு எதற்கு டென்னிஸ் என்று ஒருகாலத்தில் கேட்டவரும் நீங்கள்தான். இன்று அந்தப் பெண்களின் விழாவுக்கே தலைமை ஏற்க இசைந்தவரும் நீங்கள்தான். அந்த மனமாற்றத்துக்கு என் முதல் வணக்கம். சிரிக்காதீர்கள், ஐயாவே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

மேடையை அலங்கரிக்கும் ஆன்றோர்களே! கோயிலில் இருந்தும் தேவாலயத்தில் இருந்தும் ஒரே வாசல் வழியாக இந்த மண்டபத்துக்குள் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட்டில் இருந்து பாலத்து நெரிசலைப் பொறுத்துக் கடந்துவந்த உறவுகளே! வேலை முடித்து, உடுப்பு மாற்றவும் நேரமின்றி ஓடோடி வந்திருக்கும் தாய்மாரே, தமக்கைமாரே! பின்வரிசையில் கைத்தொலைபேசியில் கண்ணையும் என்மீது காதையும் வைத்திருக்கும் பிள்ளைகளே! உங்களுக்குத் தமிழ் வணக்கத்தோடு ஒரு பிரெஞ்சுப் பொன்ஜூரும் உரித்தாகட்டும்.

என் பெயர் தாட்சாயினி. பகலில் டவுன்டவுனில் ஒரு உணவகத்துச் சமையலறையில் வெங்காயம் வெட்டுகிறேன். மாலையில் டென்னிஸ் விளையாடுகிறேன். இரண்டிலும் எனக்குக் கண்ணீர் வருவதுண்டு.

பெண்களும் விளையாட்டும் என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். பெரிய தலைப்பு, பேராசிரியர்கள் பேசவேண்டிய தலைப்பு. நான் சின்னதாக ஒன்றைப் பேசப்போகிறேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் நம் வீட்டுப் பல்கனிகளில் இருந்து பார்த்தால் தெரியும் பூங்காவையும், அந்தப் பூங்காவின் நான்கு டென்னிஸ் திடல்களையும் பற்றிப் பேசப்போகிறேன்.

இந்த மொன்றியல் மாநகரம் டென்னிஸை நேசிக்கும் நகரம். கோடை வந்தால் உலகத்து வீரர்களும் வீராங்கனைகளும் இங்கே வருகிறார்கள். பக்கத்து ஜாரி பூங்காவின் பெரிய டென்னிஸ் அரங்கில் எழும் ஆரவாரம் நம் தெருக்கள் வரை கேட்கும். ஆனால் அந்த ஆரவாரம் கேட்கும் தூரத்தில் குடியிருக்கிற நம் பெண்களில் எத்தனை பேர் ஒரு மட்டையைக் கையால் தொட்டிருந்தோம்? விளையாடுவது அவர்கள் பங்கு, துடைப்பது நம் பங்கு என்று யார் நமக்குப் பிரித்துத் தந்தது? யாரும் தரவில்லை. நாமே எடுத்துக்கொண்டோம். அதுதான் வெட்கம்!

அந்த வெட்கத்தை முதலில் உதறியவர், அதோ மூன்றாவது வரிசையில், என்னைப் பற்றிப் பேசாதே என்று கைகாட்டிக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். அஞ்சலீனா அக்கா. மன்னாரில் பிறந்தவர். டவுன்டவுனில் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. ஈர விரிப்புகளைத் தூக்கித் தூக்கி ஒருநாள் அவருடைய வலது தோள் இறுகிப்போயிற்று. தலைவாரக்கூடக் கை எழும்பவில்லை. தோளை அசையுங்கள், அசைத்துக்கொண்டே இருங்கள் என்றார் வைத்தியர். வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குள் கதவைச் சாத்திவிட்டு அசைத்திருப்பார்கள். அக்கா, தன் மகள் பள்ளிக்கூடத்தில் விளையாடிவிட்டு மூலையில் போட்டிருந்த பழைய மட்டையை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனார். சுவரில் பந்தை அடித்தார். பந்து அவர் சொன்ன திசையில் போகவில்லை; ஆனால் போய்க்கொண்டே இருந்தது. வலித்தது. அடித்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அதற்கும் அடித்தார்.

மாலை வேலையால் திரும்பும் வழியில் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நான், ஒருநாள் வேலிக்கு உள்ளே போனேன். என் பின்னால் இன்னொருத்தி வந்தாள். பிறகு பஞ்சாபிப் பெண்கள் வந்தார்கள், ஒரு கிரேக்கத்து மாமியும் வந்து சேர்ந்தார். செவ்வாய்க்கிழமை மாலை என்றால் பூங்காவின் திடல்களில் எங்கள் சத்தம். ஊர் என்ன கதைத்தது என்று நான் சொல்லவேண்டுமா? சமைக்காமல் ஆடப் போகிறார்கள் என்றது. ஐயா, உங்களைப் பார்க்கவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

அக்காவின் மகள் அஜிதா இந்தக் கதையின் நடுவில் நிற்பவள். இங்கே பிறந்தவள், டவுன்டவுனில் பல்கலைக்கழகத்தில் படிப்பவள், அந்தப் பல்கலைக்கழக அணிக்காக ஆடுபவள். போன கோடையில் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஒரு டென்னிஸ் கழகத்தில் அவளுக்குப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. அந்தக் கழகத்தின் பெயரைச் சொல்லி இந்த மேடையில் அதற்கு விளம்பரம் தேட நான் விரும்பவில்லை. அக்காவுக்கு அப்படியொரு பெருமை. கழகத்துச் சின்னம் பொறித்த அந்த நீலச் சட்டையைத் தன் கையாலேயே தோய்த்து, மடித்து வைப்பார்.

கோடையின் நடுவில் அந்தக் கழகத்துத் திடல்களைக் கொத்திப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். அதுவரை விளையாட அவர்களுக்கு இடம் வேண்டும். எங்கே போனார்கள்? நம் பூங்காவுக்கு! யாரைக் கேட்டார்கள்? நம்மை அல்ல! எப்போது நமக்குத் தெரிந்தது? ஒரு செவ்வாய் மாலை, மட்டைகளோடு நாங்கள் போய் நின்றபோது, வேலியில் ஒரு பலகை தொங்கியது. வாரநாள் மாலைகளில் நான்கு திடல்களும் கழக உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது.

வாசலில் ஆள் நிறுத்தியிருந்தார்கள். நீலச் சட்டை போட்ட ஒரு பெண் நின்றாள். அஜிதா.

அவளுக்குப் பின்னால் அவளுடைய மேலாளர் நின்றார். அஜிதாவின் முகம் வெளிறிப்போயிற்று. வாய் திறந்தாள். பெற்ற தாயைப் பார்த்து, யாரோ ஒருவரிடம் பேசுவதுபோல, பிரெஞ்சில், மன்னிக்கவேண்டும் அம்மணி, இது உங்களுக்கு இல்லை என்றாள். அம்மா என்று கூப்பிட்டால் மேலாளருக்கு என்ன தோன்றும் என்று பயந்திருக்கிறாள், பாவம். நான் கொதித்தேன். அக்கா கொதிக்கவில்லை. நன்றி மகளே என்று சொல்லவில்லை. மெர்சி, மத்மசேல் என்று, முன்பின் தெரியாத பெண்ணுக்குச் சொல்வதுபோலப் பிரெஞ்சிலேயே நன்றி சொன்னார். திரும்பி நடந்தார். என் வாழ்க்கையில் அதைவிடக் கனமான நடையை நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு அந்த வீட்டில் நடந்ததை அஜிதாவே எனக்குச் சொன்னாள். தன்னை நம் பூங்கா வாசலில் நிறுத்தப்போவது அன்று மாலைதான் தனக்கே தெரியும் என்றாள். பிள்ளை வந்து, சாப்பிடாமல் மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருந்தாளாம். அக்கா சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து முன்னால் வைத்துச் சொன்னாராம்:

"நீ உன்ர வேலையைச் செய்தனி, மகள். வாற செவ்வாய் நான் என்ர வேலையைச் செய்வன். இப்ப ரெண்டு பேரும் சாப்பிடுவம்."

இதற்கிடையில் செய்தி நம் கடைகளில் பரவியது. ஒரு மரக்கறிக் கடை வாசலில் நம் தலைவர் ஐயா எங்களை மறித்து நின்று புத்தி சொன்னார். நல்ல மனத்தோடுதான் சொன்னார், அதை நான் மறுக்கமாட்டேன். நாம் வந்தேறியவர்கள், இன்னொருவருடைய நாட்டில் வம்புக்குப் போகக்கூடாது, பேசாமல் விட்டுவிடுங்கள் என்றார். அக்கா மரக்கறிப் பையைக் கீழே வைத்தார்.

"ஆரின்ர நாடெண்டு சொல்லுறியள் ஐயா? இந்த ஊருக்கு வாற ஆக்கள் படுக்கிற விரிப்பெல்லாம் நான்தான் தோய்ச்சுக் குடுக்கிறன். என்ர பிள்ளை இஞ்சதான் பிறந்தவள். நான் இன்னும் எவ்வளவு காலத்துக்கு விருந்தாளியா இருக்கவேணும்?"

ஐயா தன் வழியே போய்விட்டார். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை பூங்காவின் மரத்தடியில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார். ஐயா, அதை நாங்கள் மறக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை! பெரியோர்களே, அந்த மாலையை நான் எந்தத் தமிழில் சொல்வேன்? தெருத்தெருவாகப் பெண்கள் வந்தார்கள். மட்டை இருந்தவர்கள் மட்டையோடு வந்தார்கள், இல்லாதவர்கள் பூப்பந்து மட்டையோடு வந்தார்கள், அதுவும் இல்லாதவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். பலகையைக் கடந்தோம். வாசலைக் கடந்தோம். உள்ளே போய் ஆளுக்கொரு பக்கமாக நின்றோம். ஒரு கல் எறியவில்லை, ஒரு கெட்ட சொல் பேசவில்லை. நின்றோம்!

மேலாளர் வந்தார். பிரெஞ்சில் சொன்னார், ஆங்கிலத்தில் சொன்னார். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் இரண்டு மொழிகளும் மறந்துபோயின. கடைசியில் அவர் அஜிதாவைக் கூப்பிட்டு, இவர்களை வெளியே போகும்படி உன் மொழியில் சொல் என்றார். பிள்ளை எங்கள் முன்னால் வந்து நின்றாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். தாயோ பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, அன்ரியவை, உங்களை வெளியில போகச் சொல்லிச் சொல்லட்டாம். நான் சொல்லிப்போட்டன். போறதும் போகாததும் உங்கட விருப்பம்."

கொஞ்சம் மூச்சு வாங்கினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தாட்சாயினி அன்ரி, நீங்கள் வலைக்கு நல்லாக் கிட்ட நிக்கிறியள். கொஞ்சம் பின்னுக்குப் போங்கோ."

நான் பின்னுக்குப் போனேன். மேலாளர் திருப்தியோடு தலையசைத்தார். நாங்கள் கிளம்பத் தொடங்கிவிட்டோம் என்று நினைத்தார் போலும். அஞ்சலீனா அக்கா பந்தை உயரே எறிந்து அடித்தார். ஆட்டம் தொடங்கியது!

கைதட்டுங்கள், தட்டுங்கள். அந்தக் கைதட்டல் அஜிதாவுக்கு உரியது. ஏனென்றால் அந்த வாரமே அவளுடைய வேலை போயிற்று. நீலச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். வருத்தமா என்று கேட்டேன். வருத்தம்தான் அன்ரி, ஆனால் அம்மாவை அம்மணி என்று கூப்பிட்டதைவிட இது லேசாக இருக்கிறது என்றாள்.

மேலாளர் முறையிட்டதால், பூங்காவுக்குப் பொறுப்பான அலுவலகத்தில் இருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். இந்தத் திடல்கள் மாலையில் வெறுமையாகக் கிடப்பதாகத்தான் எங்களுக்குச் சொன்னார்கள் என்றார். வெறுமை! எங்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டே எங்களை வெறுமை என்று எழுதியவர் யார்? அக்கா, சலவைக்கூடத்தில் கற்ற பிரெஞ்சில், இந்தப் பூங்காவைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் யாரென்று நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றார். அதிகாரி கேட்டார். எல்லாக் கைகளும் எழுந்தன. அந்த இறுகிப்போன வலது தோளும் எழுந்தது. இரண்டு திடல்கள் எங்களுக்குத் திரும்பிவந்தன.

இரண்டுதான். முழு வெற்றி என்று இந்த மேடையில் பொய் சொல்லமாட்டேன். இப்போது அதே கழகம், தன் திடல்கள் புதுப்பொலிவோடு தயாராக இருக்கும்போதே, வரும் கோடைக்கும் நம் பூங்காவைக் கேட்கிறது. நான்கு திடல்களையும் கேட்கிறது. எல்லா மாலைகளையும் கேட்கிறது. அதை முடிவு செய்ய, வரும் திங்கட்கிழமை பூங்கா அலுவலகம் பொதுக்கூட்டம் வைத்திருக்கிறது.

அங்கே என்ன சொல்வார்கள்? உங்களுக்குத்தான் கிரிக்கெட் இருக்கிறதே என்பார்கள். ஆம், இருக்கிறது. அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும்! எங்கள் உறுப்பினர்கள் தரமான ஆட்டக்காரர்கள் என்பார்கள். உண்மைதான். நாங்கள் தரமற்ற ஆட்டக்காரர்கள். எங்கள் பந்து வலையில் விழும், வேலிக்கு மேலால் போகும், சிலவேளை தெருவில் போகும் காருக்கு முன்னால் உருளும். அதனால் என்ன? ஒரு பூங்காவில் விளையாடச் சாம்பியனாக இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? சமையலறையில் பிழை விட்டால் ஏச்சு, சலவைக்கூடத்தில் பிழை விட்டால் ஏச்சு, மொழியில் பிழை விட்டால் சிரிப்பு. இந்த நகரத்தில் நாம் பிழை விட்டுவிட்டுச் சிரிக்கக்கூடிய ஓர் இடம் வேண்டாமா? நன்றாக விளையாட மட்டுமல்ல தாய்மாரே, மோசமாக விளையாடவும் நமக்கு உரிமை உண்டு! களைத்துப்போய் விளையாட உரிமை உண்டு! ஐம்பது வயதில் தொடங்க உரிமை உண்டு! தோற்றுவிட்டு மறுநாளும் வர உரிமை உண்டு! அதை யாரிடமும் குனிந்து கேட்கமாட்டோம். நிமிர்ந்து எடுத்துக்கொள்வோம்!

திங்கட்கிழமை வாருங்கள். பிரெஞ்சு தெரிந்தவர்கள் பேசுங்கள், தெரியாதவர்கள் பக்கத்தில் நில்லுங்கள். வெறுமை என்று இனி ஒருவரும் எழுத முடியாதபடி அந்த மண்டபத்தை நிறையுங்கள். அவர்கள் நமக்கு இடமில்லை என்று சொன்னால், செவ்வாய்க்கிழமை திடலில் சந்திப்போம்.

பொறுமையோடு செவிமடுத்த உங்கள் எல்லோருக்கும், என் குறும்பைப் பொறுத்துக்கொண்ட தலைவர் ஐயாவுக்கும், உள்ளே இன்னும் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும் கைகளுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. போய் வருகிறேன், வணக்கம்.