ஜோடிக் கேஸில் வைத்த தகடு

என் பெயர் எஸ்தர். வயது நாற்பத்து மூன்று. என் கணவர் தேசப்பன் கடலுக்குப் போகிறவர். நாங்கள் நொச்சிக்குப்பம் குடியிருப்பில் வசிக்கிறோம். மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் சின்னக் கடை ஒன்று வைத்து, செல்போன்களுக்குக் கையாலேயே கேஸ் செய்து கொடுத்து வருகிறேன். பிளாஸ்டிக் ஷீட்டை அளவுக்கு வெட்டி, அடுக்கி ஒட்டி, இடுக்குகளில் பட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடிப்பேன். நான் பட்டி பார்த்த இடத்தில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று யாராலும் காட்ட முடியாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, என்மேல் புகார் வந்ததே அதனால்தான். புகார் கொடுத்திருக்கும் அஸ்வத் என் வாடிக்கையாளர். தி. நகரில் தன் அப்பா சுயம்புலிங்கத்தின் பாத்திரக்கடையைப் பார்த்துக்கொள்கிறார். அதற்கு மேல் அவரை எனக்குத் தெரியாது.

சென்ற ஆடி மாதம் அஸ்வத் என் கடைக்கு வந்து, கல்யாண நாளுக்காகத் தனக்கும் தன் மனைவி சரண்யாவுக்கும் ஒரே மாதிரி ஜோடிக் கேஸ் வேண்டும் என்று கேட்டார். மயில் பச்சை நிறம், ஓரத்தில் தங்கக் கோடு என்று சொன்னார். அதன் பிறகு சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றி நூல் கட்டிய வட்டமான பொருள் ஒன்றை எடுத்து, மனைவியின் கேஸுக்குள் அதை வைத்து மூடிவிட வேண்டும் என்றார். என்ன என்று கேட்டதற்கு, "மந்திரிச்ச தகடுக்கா. அவ நல்லா இருக்கணும்னு வாங்கினது. பிரிச்சா சக்தி போயிடும், அவளுக்குத் தெரிஞ்சாலும் போயிடும்" என்றார். இரும்பு படக்கூடாது, பட்டியில்கூட இரும்புத்தூள் கலக்கக்கூடாது என்றும் சொன்னார்.

நான் வேதக்காரி. என் மேஜைமேல் அந்தோணியார் படம் இருக்கிறது. அடுத்தவர் சாமியைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. அதனால் முடிச்சை அவிழ்க்காமல், அந்த அளவுக்குக் குழி வெட்டி, உள்ளே வைத்து, மேலே மெல்லிய ஷீட் ஒட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் கணவரிடம், "பொண்டாட்டி மேல இன்னா பாசம் பாரு அந்த ஆளுக்கு! நீயும் கீறியே" என்று திட்டியது உண்மை. அதற்காக அவரிடம் பிறகு மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

அதன் பிறகு பொங்கல் கழிந்து சரண்யா தனியாக என் கடைக்கு வந்தார். அதற்கு முன் அவரை நான் பார்த்ததில்லை. பச்சை நிறக் கேஸைப் பார்த்ததும் என் வேலை என்று தெரிந்துகொண்டேன். அம்மா வீட்டுக்குத் தூத்துக்குடி போயிருந்தபோது கேஸுக்குள்ளிருந்து குருவி கத்துகிற மாதிரி சத்தம் வந்ததாகச் சொன்னார். போனில் அடிக்கடி ஏதோ எச்சரிக்கை வரும், கணவர்தான் வாங்கி, விளம்பரம் என்று சொல்லி அழித்துவிடுவார் என்றும் சொன்னார். தகடு கத்தாது என்பது எனக்குத் தெரியும். வெட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவர் சம்மதம் கொடுத்த பிறகே பிளேடு வைத்தேன். மஞ்சள் துணிக்குள் இருந்தது தகடு அல்ல. சாவிக்கொத்திலும் பெட்டியிலும் மாட்டி, அது எங்கே போகிறது என்று போனிலேயே பார்த்துக்கொள்கிற டேக். சொந்தக்காரரின் போனை விட்டு நாள் கணக்கில் விலகியிருந்தால் அது தானாகவே கத்தும், அது கூடவே வருகிறது என்றுதான் சரண்யாவின் போன் எச்சரித்திருக்கிறது.

சரண்யா அழவில்லை. தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அதன் பிறகு சொன்னார்: "நான் எங்க நின்னாலும் அவுகளுக்குத் தெரிஞ்சிருதுக்கா. கோட்டூர்புரம் லைப்ரரிக்கு யாருக்கும் சொல்லாம பரீட்சைக்குப் படிக்கப் போனேன். அன்னைக்கு ராத்திரியே, லைப்ரரில ஏசி நல்லா இருந்துச்சான்னு கேட்டாவ. தீபிகாதான் கோள் மூட்டுதான்னு நெனச்சு அவகிட்டப் பேச்சையே நிப்பாட்டிட்டேன்." தீபிகா என்பவர் சென்னையில் அவருக்கு இருந்த ஒரே தோழி. என் கடையில் உட்கார்ந்தபடியே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, "என்னைய மன்னிச்சிருடி" என்றார். அந்தக் குழியை வெட்டியது என் கை.

போலீசுக்கு ஏன் வரவில்லை என்று, இந்த வாக்குமூலத்தை எழுதும் உதவி ஆய்வாளர் பாஞ்சாலி என்னைக் கேட்டார். போலீசுக்குப் போகலாம் என்றுதான் நானும் சரண்யாவிடம் சொன்னேன். "சமாதானம் பேசி திரும்ப அதே வீட்டுலதான்க்கா கொண்டுபோய் விடுவாவ" என்றார். அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும், அதற்குச் சில நாள் வேண்டும், டேக்கைத் தூக்கிப் போட்டால் உடனே தெரிந்துவிடும் என்று சொல்லி, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கச் சொன்னார்.

அந்த நேரத்தில் ஜோடியின் இன்னொரு கேஸும் என் மேஜைமேல் இருந்தது. மூலை உடைந்துவிட்டது என்று அஸ்வத் முந்தின நாள்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நான் சரண்யாவைப் பார்த்தேன். சரண்யா அந்தக் கேஸைப் பார்த்தார். அதன் பிறகு அஸ்வத்தின் கேஸில் அதே அளவுக்குக் குழி வெட்டி, மஞ்சள் துணியோடு டேக்கை வைத்து, இரும்புத்தூள் இல்லாத பட்டியால் மூடினேன். சிக்னல் தாராளமாக வெளியே போகட்டும் என்றுதான் அந்தப் பட்டியை எடுத்தேன். சரண்யாவின் கேஸில் இருந்த குழியை முழுக்கப் பட்டியால் நிரப்பினேன். உடைந்த மூலையையும் சரிசெய்தேன். அன்று மாலையே அஸ்வத் வந்து வாங்கிப் பார்த்து, "சூப்பர்க்கா, உடைஞ்ச இடமே தெரியல" என்றார்.

அதன் பிறகு நடந்தது அவர் என்மேல் கொடுத்த புகாரிலேயே இருக்கிறது. தன் மனைவி தன்னுடைய கடைக்கும், டீ குடிக்கும் இடத்துக்கும், நண்பர்களோடு சீட்டாடும் வீட்டுக்கும் மறைந்து மறைந்து பின்னாலேயே வந்ததாகவும், கூட்டத்தில் தேடியும் கண்ணில் படவில்லை என்றும், அந்த நாட்களில் தனக்கு நிம்மதியே இல்லை என்றும் எழுதியிருக்கிறார். நிம்மதி இல்லையாம். கேட்டுக்கொண்டேன்.

சரண்யா வீட்டை விட்டுப் போன அன்று மாலை அஸ்வத் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, மனைவியைக் காணோம் என்று புகார் எழுதிக்கொண்டிருக்கும்போதே போனைப் பார்த்து, "இங்கதான் இருக்கா மேடம், இந்த ஸ்டேஷன்லயே இருக்கா" என்று கத்தியிருக்கிறார். பின்பக்க அறை வரைக்கும் தேடியிருக்கிறார்கள். அதன் பிறகு அவர் சத்தம் எழுப்பும் பட்டனை அமுக்க, அவர் கையிலேயே குருவி கத்தியது. இதை எனக்குச் சொன்னபோது உதவி ஆய்வாளரின் முகம் எப்படி இருந்தது என்பதை எழுத வேண்டாம் என்றார். சொல்லவில்லை.

அஸ்வத்தின் பொருளுக்குச் சேதம் செய்தாயா என்று கேட்டதற்கு, அவர் பொருளை அவரிடமே ஒப்படைத்தேன் என்று சொல்கிறேன். சரண்யாவைத் தூண்டிவிட்டாயா என்று கேட்டதற்கு, இல்லை, என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போய் விட்டேன் என்று சொல்கிறேன். தான் நன்றாக இருப்பதாகச் சரண்யாவே இந்த நிலையத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் சுயம்புலிங்கம் என் கடைக்கு வந்து, "குடும்ப விசயம் தாயி. பிள்ளை இருக்கிற இடத்தைச் சொல்லி, ஒரு மன்னிப்பும் எழுதிக் குடுத்துரு. கட்டட ஓனர் நமக்கு வேண்டப்பட்டவர்தான், உன் கடைக்கு ஒண்ணும் வராது" என்று தன்மையாகச் சொன்னார். தன்மையாகச் சொல்வதில் எவ்வளவு மிரட்டல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கடை போனால் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷீட் வெட்டுவேன். மன்னிப்பு எழுத மாட்டேன் என்று அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

இவ்வளவையும் எழுதி முடித்து உதவி ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். கடைசியில், "சரண்யா இருக்கும் இடம் எனக்குத் தெரியாது" என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லையே என்றேன். "உன் நல்லதுக்குத்தாம்மா எழுதினேன். தெரியாதுன்னா உன்னை யாரும் தொல்லை பண்ண மாட்டாங்க" என்றார். அவர் நல்ல மனதோடு செய்தார் என்பது எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்த வரியை அடிக்கச் சொன்னேன். அடித்துவிட்டு, நான் சொன்னபடி எழுதியிருக்கிறார். சரண்யா இருக்கும் இடம் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

இதில் உள்ளது எல்லாம் நானே சொன்னது, எல்லாம் நிஜம், யாருக்கும் பயந்து ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அடித்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்தும் கீழே ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) தே. எஸ்தர்